பத்து நிமிட நிறுத்தம்

வெர்லீன் டப்ஸ் பத்தொன்பது வருடமாக
மில்வாக்கியின் வடக்குத் தெருக்களில் பஸ் ஓட்டுகிறாள்.
ஏரி இருக்கும் ஊர்தான். அந்தத் தடத்தில் ஏரி தெரியாது.
யோகா டீச்சராகப் போகிறேன் என்று அவள் சொன்னபோது
பணிமனையில் காபி குடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு
சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.
அவள் சிரிக்கவில்லை.
ரோஸெலின் ஆணியைப் பார்த்தாள்.

பிப்ரவரியில் ரோஸெல்
வண்டியைக் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தி,
சாவியை அந்த ஆணியில் மாட்டி,
சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.
பிறகு நடந்ததை நாங்கள் பெயர் சொல்லிப் பேசுவதில்லை.
‘அதற்கு முன்னால்’ என்போம்.
‘அதற்கப்புறம்’ என்போம்.

நிர்வாகம் சுவரில் ஒரு தாள் ஒட்டியது:
பேச விரும்பினால் இந்த எண்.
கிழித்துக்கொள்ள வாகாக நறுக்கிய வால்கள்.
மாதக்கணக்கில் ஒரு வால்கூடக் குறையவில்லை.
பிறகு ஒன்று குறைந்தது.
அது என் பர்ஸில் இருக்கிறது.
இன்னும் கூப்பிடவில்லை.

அவள் ஓவர்டைம் பார்த்துத் தவணை கட்டினாள்.
ஞாயிறுதோறும் ஊரின் அந்தப் பக்கம்,
நாலு சுவரும் கண்ணாடியான அறை.
கண்ணாடிக்குள் எத்தனையோ பெண்கள் தெரிந்தார்கள்;
எல்லாரும் ஒருத்தியைத்தான் பார்த்தார்களாம்.
ஒருத்தி கேட்காமலே அவள் பின்னலைத் தொட்டாள்.
‘கண்களை மூடுங்கள், இங்கே பயமில்லை’ என்றது
மேடையிலிருந்து ஒரு குரல்.
வெர்லீன் ஒரு கண்ணை மூடினாள்.

கடைசி ஆசனத்துக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறாள்.
சவம் என்றால் பிணம் என்றார்கள்.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.
ரோஸெலைத் தூக்கியவர்களிடம் போய்
பிணம்போல் படுங்கள் என்று
எந்த வாயால் சொல்வது?

செவ்வாய் இரவு, கடைசி வண்டி வந்த பிறகு,
டயர் அறை.
பாய் கிடையாது; உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டிகளைப்
பிரித்துப் போட்டாள்.
ஷூ காலிலேயே இருக்கட்டும் என்றாள்.
நாற்காலியைக் கதவு பார்க்கப் போட்டுக்கொள்ளலாம்.
கண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

லூசியஸ், மாரிசெல், மெக்கானிக் டூ ஷியோங், நான்.
ஊதுபத்தி இல்லை. ரப்பர் வாசனை.
‘பிரேக்குக்குக் காற்று ஏறுகிற மாதிரி இழுங்கள்.
காற்று ஏறாமல் வண்டி நகராது, தெரியும்தானே?
இப்போது விடுங்கள், கதவு திறக்கிற சத்தத்தோடு.’
புஸ்ஸ் என்றோம். மாரிசெல் சிரித்தாள்.
மூன்றாவது புஸ்ஸில் லூசியஸ் எழுந்து வெளியே போய்
பனியில் தன் காரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான்.
அவள் பின்னால் போகவில்லை.
அடுத்த வாரம் அவன் நாற்காலியைக் கதவுக்கு
இன்னும் ஒரு முழம் கிட்டே போட்டு வைத்தாள்.
வந்தான்.

‘நான் வைத்தியர் இல்லை’ என்று
ஒவ்வொரு செவ்வாயும் சொல்கிறாள்.
‘என் கைக்கு மீறினது வந்தால் அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.’
அப்போது என் பர்ஸ் தொடையில் கனக்கும்.

கடைசியில் அட்டைமேல் படுக்கச் சொல்வாள்.
‘தடத்தின் முனையில் நமக்குப் பத்து நிமிடம் உண்டு.
கதவு சாத்தியிருக்கிறது.
வெளியே நின்று யார் தட்டினாலும்
திறக்க வேண்டியதில்லை.
வண்டி திரும்பப் போகும்.
அதை மட்டும் மறக்காதீர்கள்.’

மேலே டியூப்லைட் ஒன்று துடிக்கும்.
டூ ஷியோங் குறட்டை விடுவான்.
வெர்லீன் கதவருகே நின்றுகொண்டிருப்பாள், காவல்காரிபோல்.
ஆறேழு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது
அவள் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை என்று.

போன செவ்வாய் நான் எழுந்துபோய்க் கதவில் சாய்ந்துகொண்டேன்.
‘போ’ என்றேன்.
என்னை முறைத்தாள்.
பிறகு என் அட்டையில் போய்ப் படுத்தாள்,
ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு.

ஒரு கண்ணை மூடினாள்.
மற்ற கண்ணைப் பற்றி
நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.